உள்வாய் வழியே குன்றுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்குத் தார்ச்சாலையில் ஓடக் கால் வராது. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து நாலு பக்கமும் அகலச் சாலை போகிறது. வண்டலூர், வாலாஜாபாத், சிங்கப்பெருமாள்கோயில், ஸ்ரீபெரும்புதூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விளக்குக் கம்பம் உண்டு, நடுத்திட்டில் அரளி உண்டு. ஆனால் விடிவதற்கு வெகு நேரம் முன்பே முதல் ஷிப்ட் பஸ்கள் கிளம்பிவிடும். அவற்றின் பின்னாலேயே புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் வரும். ஓடுகிறவன் அங்கே ஓரமாக ஒதுங்கி ஒதுங்கியே களைத்துப்போவான். நல்ல மழை இரண்டு விழுந்து ஏரிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், நான் குடியிருப்புக்குப் பின்பக்கத்து மண்பாதைக்குத் திரும்பிவிடுவேன். போய்வரப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும் அந்தப் பாதைதான், இத்தனை வருஷத்தில் நான் ஓடிய எல்லாப் பாதைகளிலும் எனக்குப் பிடித்தது.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவு வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன் நான். வந்தபோது இங்கே பேசப்பட்டதெல்லாம் ஆலைகளைப் பற்றித்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறந்தது, 2012-ல் டைம்லரின் லாரி ஆலை, அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு. வாடகை அறை தேடினால்கூட 'எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட்' என்பதுதான் முதல் கேள்வி. ஊரின் மற்றொரு கணக்கு எனக்குக் காலால்தான் தெரிய வந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். 2019-ல் இரண்டாகப் பிரிந்த பிறகு பொதுப்பணித் துறைக் கணக்கில் காஞ்சிபுரத்துக்கு 381 ஏரிகளும் செங்கல்பட்டுக்கு 528 ஏரிகளும் போயின. ஆக 909. ஊராட்சிகளின் சிற்றேரிகளும் தாங்கல்களும் குளங்களும் இதில் சேரவில்லை. ஆலைகள் எல்லாம் இந்த ஏரிகளுக்கு நடுவில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பாதை தொடங்கும் இடத்தில் அழகு எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து அறைகளாக வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட கட்டடங்கள், கொடியில் சீருடைகள், வாசலில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களின் செருப்புகள். அதைத் தாண்டினால் ஒரு நீளமான மதில். மதில் முடிகிற இடத்தில் ஓடை குறுக்கே போகும். ஓடையில் இறங்கி ஏறினால் ஏரிக்கரை. ஏறிய உடனே சத்தம் மாறிவிடும். சாலையின் இரைச்சல் கரைக்குக் கீழே தங்கிவிட, மேலே பனை ஓலை உரசுவது மட்டும் கேட்கும்.

கரையில் ஓடுவதற்கென்று ஒரு சுகம் இருக்கிறது. மண் மெத்தென்றும் இல்லை, கல்லென்றும் இல்லை. காலங்காலமாக மாடும் ஆளும் நடந்து இறுகிய மண். ஒரு பக்கம் தண்ணீர்ச் சரிவு, அதில் அலை அரிக்காமல் பதித்த கல். மறுபக்கம் ஆயக்கட்டு வயல். கரை நேராகப் போகாது. நிலத்தின் போக்குக்கு ஏற்ப வளைந்து வளைந்து போகும். அதனால் அடுத்த நூறு அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. திடீரென்று மதகு வரும். பழைய மதகு அது. இரண்டு கல்தூண்கள், நடுவில் குறுக்குக் கல், அதில் துளை. அந்தத் துளை வழியாகத்தான் ஒரு காலத்தில் தூம்பை அடைக்கும் கட்டையைத் தூக்கியும் இறக்கியும் இருக்கிறார்கள். இப்போது பக்கத்திலேயே இரும்பு ஷட்டரும் திருகு கம்பியும் போட்டுவிட்டார்கள். ஆனாலும் கல்தூண்களை யாரும் எடுக்கவில்லை. மீன்கொத்திக்கு அதுதான் இருக்கை.

இந்த மதகடியில்தான் நான் ஊர் நீர்க்கட்டியைப் பழக்கம் பிடித்தேன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துத் திறந்து அடைக்கிற வேலை அவருடையது. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு நெல் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் மண்வெட்டியுடன், கரையில் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுவார். ஒரு நாள் நிறுத்திக் கேட்டார்: "ஏம்பா, தெனம் ஓடி வர்றியே, கரையில எங்கனா ஓட்ட கீட்ட இருந்தா சொல்லேன். நான் அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள பொழுது போயிடுது." அன்றிலிருந்து என் ஓட்டத்துக்கு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. நண்டு வளையும் எலி வளையும் கரைக்கு எமன் என்று சொல்லிக்கொடுத்தார். கரையின் வெளிச்சரிவில் ஈரம் கண்டால் குனிந்து பார்க்கச் சொன்னார். தெளிந்த தண்ணீர் ஊறினால் பயமில்லை, கலங்கிய தண்ணீர் ஊறினால் மண் உள்ளே கரைகிறது என்று அர்த்தம், உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். எங்கள் ஆலையில் குறைபாடு கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ பயிற்சி எடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு முக்கியமாகவும் யாரும் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை.

கரையின் கோடியில் கலங்கல். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம். கல் கட்டுமானத்தின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். கார்த்திகையில் அவற்றுக்கு இடையில் தண்ணீர் வெள்ளையாக விழும். பையன்கள் கெண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வழிவது அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அது சென்னையின் குடிதண்ணீர். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்குகிறது. மணிமங்கலத்தில்தான் ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்தான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. தமிழக அரசின் குடிமராமத்துத் திட்டத்தை 2017 மார்ச்சில் தொடங்கி வைத்ததும் அதே மணிமங்கலம் ஏரியில்தான்.

கலங்கலைத் தாண்டியபின் கரை கிடையாது. ஏரிக்குக் கரை பள்ளத்துப் பக்கம்தான். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதானே உள்ளே வர வேண்டும்? அந்த இடத்துக்கு உள்வாய் என்று பெயர். கோடையில் அது மேய்ச்சல் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் உளைச்சேறு. எனக்கு உயிரான இடம் அதுதான்.

உள்வாயில் ஓடுவது கரையில் ஓடுவது போன்றதல்ல. தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிடையாது. கோரையும் சம்பும் விழலும் கலந்து நிற்கும். நேற்று நடந்த இடம் இன்று முழங்கால் ஆழமாக இருக்கும். முதல் வருஷமே ஒன்று பிடிபட்டது. மண்ணைப் பார்த்து ஓடக் கூடாது, புல்லைப் பார்த்து ஓட வேண்டும். விழல் குத்தாக வளர்ந்த இடத்தில் வேர் மண்ணைப் பிடித்திருக்கும். அதன் தலையில் கால் வைத்தால் தாங்கும். பச்சைப் பசேலென்று வழவழப்பாகத் தெரிகிற இடத்தில் கால் வைத்தால் இறங்கும். கருங்களி என்றால் ஒட்டி ஒட்டி ஷூ கனக்கும். சவுடு கலந்த இடம் வழுக்கும். செம்மண் வந்துவிட்டால் நிம்மதி, தண்ணீர் வடிந்திருக்கும். எட்டு சின்னதாக வைக்க வேண்டும், உடம்பை முன்னால் சாய்க்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் நடுச்சேற்றில் நிற்கக் கூடாது. நின்றால் சேறு காலைச் சுற்றி மூடிக்கொள்ளும். இழுத்தால் கன்று மடியை விடும்போது கேட்குமே, அந்தச் சத்தத்தோடு ஷூ கழன்று உள்ளேயே தங்கிவிடும். நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் இறங்குவேன். மழை பலத்த வாரங்களில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் போய்விடுவேன். பாதத்துக்குத் தெரிவது ஷூவுக்குத் தெரியாது. சேற்றுக்கு அடியில் குளிர்ந்த அடுக்கு ஒன்று, வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று, நடுவில் அழுகிய புல்லின் நார் என்று விரல்கள் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லும்.

அங்கே மனித வாசனையே இருக்காது. நாலு கிலோமீட்டர் தள்ளி பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் ஷிப்ட் மாறிக்கொண்டிருப்பார்கள். இங்கே நத்தைகுத்தி நாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். நீலத் தாழைக்கோழி சம்புக்குள் ஓடி ஒளியும். ஆள்காட்டிக் குருவி மட்டும் விடாது, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி ஏரி முழுக்க நான் வந்த சேதியைச் சொல்லிவிடும். எங்கோ பனிக்குள் ஒரு ஆலையின் சங்கு ஊதும். நாரைகள் அதற்குத் தலையைக்கூடத் திருப்பாது, பழகிவிட்டன.

உள்வாயில் நான் வழக்கமாகப் பார்க்கும் ஒரே ஆள் ஆடு மேய்க்கும் ஒரு ஆயா. தலையில் உரச் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருப்பார். முதன்முதலில் பார்த்தபோது அவர் கேட்டது: "இன்னா தம்பி, எவனாவது தொரத்துறானா?" உடம்புக்காக ஓடுகிறேன் ஆயா என்றேன். "ஒடம்புக்குன்னா வா, இந்த ஆட்ட ஓட்டு" என்றார். பிறகு பழகிவிட்டது. எந்த இடத்தில் உளை இருக்கிறது என்று அவருடைய ஆடுகளுக்குத் தெரியும். ஆடு சுற்றிப் போகிற இடத்தில் நானும் சுற்றிப் போவேன். ஒரு கார்த்திகையில் தூரத்திலிருந்தே கையை ஆட்டி நிறுத்தினார். "அந்தாண்ட போவாத தம்பி. கால்வா ஒடச்சிக்கினு வருது." ஐந்து நிமிஷத்தில் வரத்துக் கால்வாயிலிருந்து செந்தண்ணீர் நுரையும் சருகுமாகப் பாய்ந்து வந்து, நான் போக இருந்த வழியை மூடியது.

உள்வாய் மெல்ல மெல்ல ஏறிக் குன்றாகிவிடும். மலை என்று ஊரில் சொல்வார்கள், ஏறி முடிக்கச் சில நிமிஷம் போதும். ஆனால் ஏறுகிற சில நிமிஷமும் முட்காடு. காரை, சூரை, களா, சப்பாத்திக் கள்ளி, இடையிடையே ஈச்சம் புதர். ஆட்டுத் தடம்தான் பாதை. களாச்செடி பிடித்தால் சட்டையை விடாது. கண்ணாடி விரியன் இருக்கிற காடு என்பதால் வெளிச்சம் வராமல் நான் ஏறுவதில்லை. அடிவாரம் முழுக்கச் செம்பூரான் சரளை. கோலிக்குண்டு அளவில் சிவப்புக் கற்கள், காலுக்கடியில் உருண்டு சறுக்கும். அதற்கு மேல் கருங்கல் முதுகு. சென்னையைச் சுற்றி இந்தக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட் வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னக் கல்லறையில் இருப்பது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரை வைத்தார்.

மழைக்குப் பிறகு அந்தச் சரளையில் தம்பலப்பூச்சி வெளியே வரும். பட்டுத் துணியில் வெட்டி எடுத்த மாதிரி ரத்தச் சிவப்பு, சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். விரலை எதிரே வைத்தால் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கொஞ்சம் பொறுத்தால் மறுபடி கிளம்பிப் போகும். ஓட்டத்தின் வேகத்தை எல்லாம் மறந்து நான் குந்தி உட்காருகிற இடம் அது. வேலையில் மைக்ரோமீட்டரும் வெர்னியரும் பிடிக்கிற கை, அந்தப் பூச்சியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சரளையை நான் வெறும் சரளையாகப் பார்ப்பதில்லை. 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் இப்படி ஒரு செம்பூரான் சரளைக் குழியில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. அதே வருஷம் அவர் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்தில், பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு கைக்கோடரிகளின் வயதைப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் வரை கொண்டுபோனது. 2022-ல் எங்கள் ஒரகடத்துக்குப் பக்கத்து வடக்குப்பட்டிலேயே இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. மேலடுக்கில் சங்ககாலக் கட்டுமானமும் ரோமானிய மதுச்சாடி ஓடுகளும், கீழே கற்கருவிகளும் கிடைத்தன. செய்தி வந்த வாரம் ஆலைக் கேன்டீனில் அதைப் பேசாதவர் இல்லை. குன்றில் கல் எடுத்து, ஏரிப் பள்ளத்தில் தண்ணீர் குடித்து வாழ்ந்த ஜனம், நான் ஏறுகிற சரிவைப் போன்ற சரிவுகளில்தான் ஏறி இறங்கியிருக்கும்.

குன்றின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஏரிகள், மறுபக்கம் ஆலைக் கூரைகள். வெயில் பட்டால் இரண்டும் மினுங்கும். எது தண்ணீர், எது தகரம் என்று சட்டென்று சொல்ல முடியாது.

இயந்திரம் நிறுவுவதற்காக எங்கள் ஆலைக்கு வந்து சில வாரம் தங்கிய ஒரு ஆங்கிலேயப் பொறியாளரை இந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்காரர். அங்கே மலைச்சரிவிலும் சதுப்பிலும் ஓடுவது பெரிய விளையாட்டு. பாப் கிரஹாம் என்பவர் 1932-ல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் 42 சிகரங்களை ஏறி இறங்கினார். இன்றைக்கும் அந்தச் சுற்றை முடிப்பது அவர்களுக்குப் பெரிய கௌரவம். ஜாஸ் நெய்லர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் 1975-ல் அதே கால அளவில் 72 சிகரங்களைத் தொட்டார். இதையெல்லாம் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், உள்வாய்ச் சேற்றில் இடுப்புவரை இறங்கி, எழுந்து, வாய்விட்டுச் சிரித்தார். ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கிறது, தண்ணீர்தான் சூடு என்றார்.

குன்றின் மேல் நின்று அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியம். இந்த நிலம் யாருடையது என்று கேட்டார். நான் விரல் விட்டுச் சொன்னேன்: கரை ஏரிப் புறம்போக்கு, உள்வாய் ஏரி உள்வாய்ப் புறம்போக்கு, ஓடை ஓடைப் புறம்போக்கு, அடிவாரம் மேய்க்கால் புறம்போக்கு, மேலே மலைப் புறம்போக்கு. சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. பதினொரு கிலோமீட்டரில் தனியார் மனை என்று நான் மிதிப்பது வாடகை அறைகளின் சந்து மட்டும்தான். மற்றதெல்லாம் ஊருக்குப் பொது. அவர் ஊரிலும் அப்படித்தானாம். மலைகளில் பெரும்பகுதி பொது மேய்ச்சல் நிலம். அங்கே யார் வேண்டுமானாலும் கால்நடையாகப் போகலாம் என்று 2000-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பொது நிலம் இருக்கிற ஊரில்தான் இப்படி ஓட முடியும் என்றார் அவர். நான் ஏதோ அழகான பாதை கிடைத்த அதிர்ஷ்டசாலி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பாதையை எனக்கு விட்டுவைத்தது புறம்போக்கு என்ற ஏற்பாடு என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. வேலை கிடைக்காத பிள்ளையைத் திட்டுவதற்குக்கூட நம் ஊரில் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். நான் அதற்குப் பிறகு அப்படிச் சொன்னதில்லை, யாரும் சொல்லக் கேட்டாலும் மறுக்கிறேன்.

2015 டிசம்பர் 1 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பெய்தது. ஏரியிலிருந்து 29,000 கன அடி திறந்ததும் அடையாறு சென்னைக்குள் ஏறியதும் உலகத்துக்கே தெரியும். மேலே இருந்த சிற்றேரிகளின் கதை அவ்வளவாக வெளியே வரவில்லை. ஆலைகள் அடைத்துவிட்டன, அறையில் மின்சாரம் இல்லை. ஊர்ப் பையன்கள் மணல் மூட்டையோடு கரைக்கு ஓடினார்கள், நானும் போனேன். கலங்கலை நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத் தாமரையும் மிதந்து வந்து அடைத்துக்கொண்டிருந்தன. கயிறு கட்டி இறங்கி அரிவாளால் வெட்டித் தள்ளினார்கள். நீர்க்கட்டி என் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, "நீ ஓடற ஆளு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாத்துக்கினே இரு" என்றார். இருட்டிலும் அந்தக் கரையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க வெளிச்சரிவைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மூன்றாவது பனைக்குக் கீழே ஒரு இடத்தில் கலங்கிய ஊற்று கண்டது. சத்தம் போட்டதும் மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி மண் போட்டு நிறுத்தினார்கள். கரை நின்றது. என் ஓட்டத்தில் நான் பெருமைப்படுவது அந்த ஒரு இரவைத்தான். வாங்கிய மாரத்தான் மெடல்கள் ஆணியில் தொங்குகின்றன, அவ்வளவே.

2019 கோடையில் அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செம்பரம்பாக்கமே வறண்ட வருஷம் அது. உள்வாயைச் சுற்றாமல் ஏரிக்கு நடுவில் நேராக ஓடிக் குன்றை அடைந்தேன். ஓடிய எல்லா ஓட்டத்திலும் மிகச் சீக்கிரம் முடிந்ததும் மிகக் கசந்ததும் அதுதான்.

அதற்குப் பின் ஒரு வருஷம் நல்ல மழை பெய்தும் ஏரி பாதிதான் நிரம்பியது. ஆயாதான் காரணத்தைக் காட்டினார். குன்றிலிருந்து வரும் வரத்துக் கால்வாயின் குறுக்கே ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் எழும்பியிருந்தது. தண்ணீர் சுவரில் மோதிச் சாலைப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆயக்கட்டுக்காரர்கள் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தார்கள். நில அளவை வரைபடத்தில் கால்வாய் தெளிவாக இருந்தது. அலைச்சலுக்குப் பிறகு சுவருக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் புதைத்துத் தந்தார்கள். பத்தடி அகலக் கால்வாய்க்கு இரண்டு குழாய். இருந்தாலும் தண்ணீர் வருகிறது. குழாய் வாயில் அடைக்கிற பிளாஸ்டிக்கை எடுத்துப் போடுவது இப்போது என் ஓட்டத்தில் ஒரு நிறுத்தம்.

ஏரிகளைக் காக்க 2007-ல் தமிழகத்தில் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. ஊர்ப் பொது நிலங்களை மீட்டுத் தரச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் நீர்நிலை வந்தாலும் அதைச் சேர்த்து ஒருங்கிணைக்க வழி திறந்திருக்கிறது. இந்தத் தடத்தில் வருஷக்கணக்காக ஓடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தவறான சட்டம். ஏரியை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க முடியாது. கரையை வேறிடத்தில் கட்டலாம். குன்றின் சரிவையும் அது இறக்கிவிடும் தண்ணீரையும் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் அறைக்குப் பின்னால் நிச்சயம் ஒரு ஏரி இருக்கும். தீபாவளி கழிந்து நாலு நாள் வெயில் அடித்ததும் கரையேறிப் பாருங்கள். விடிந்த பிறகு போங்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலங்கல் ஓடும்போது குறுக்கே இறங்காதீர்கள், ஆடு மேய்ப்பவர் நில் என்றால் நில்லுங்கள். கரையில் பைக் ஓட்டாதீர்கள். டயர் தடத்தில் தண்ணீர் தேங்கிக் கரை அறுந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் நடந்த பாதையில் எவ்வளவு ஊருக்குச் சொந்தம் என்று அதில் தெரியும். நவம்பர் 1 உள்ளாட்சி நாள், அன்று கிராம சபை கூடும். அந்த ஊரில் வாக்காளராக இருப்பவர்கள் தயவுசெய்து போய் உட்காருங்கள். வரத்துக் கால்வாயைத் தூர்வார ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.